அந்த வரிக்கு மேலேயே

சர்க்கரை ஆலையில டேட்டாபேஸைப் பாத்துக்கிற ஒரே ஆளு நான். எடைமேடையில டிராக்டர் ஏறினா கரும்போட எடை அதுலதான் பதிவாகும். அது நின்னா டிராக்டருங்க மெயின்ரோடு வரைக்கும் நிக்கும். நான் லீவு போட்டா பாத்துக்க, கணக்குப் பிரிவுல இருந்த ஒருத்தரைப் பழக்கச் சொன்னாங்க. என்னைவிடப் பெரியவர், இதெல்லாம் புதுசு.

அவருக்காகவே எந்த செட்டிங் எதுக்கு, ஏன் அந்த எண்ணுன்னு பக்கம் பக்கமா எழுதினேன். மேனேஜர் அதை பிடிஎஃப் ஆக்கி, ஃபோல்டருக்குள்ள ஃபோல்டரா எங்கயோ வெச்சு, "பக்காவா இருக்கு"ன்னார்.

அப்பாவைக் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில சேத்திருந்தோம். ஒருநாள் காலையில கண்ணைத் தொறந்து என் விரலைப் புடிச்சார். அந்த நேரம் பாத்து கணக்குக்காரர்கிட்டயிருந்து போன்.

"மேடம், கனெக்‌ஷன் ஜாஸ்தியாயிடுச்சுன்னு காட்டுதுங்க. டிராக்டரெல்லாம் நின்னுக்கினு இருக்குது. செட்டிங் ஃபைலைத் தொறந்துட்டேன், லிமிட்டு நூறுன்னு இருக்குது. ஏத்தட்டுங்களா?"

"அதான் எழுதி வெச்சிருக்கேனே சார்."

"எங்கங்க?"

ஃபைல் அவர் கண்ணெதிர இருக்குது. நான் எழுதினது எங்கயோ தூங்குது. வார்டுல சிக்னல் சரியில்ல. விரலை உருவிக்கினு வராண்டாவுக்குப் போனேன். ஏத்தாதீங்க, மெமரி தாங்காது, சும்மா கெடக்குற கனெக்‌ஷனை வெட்டுங்கன்னு எழுத்து எழுத்தா சொன்னேன். சரியாயிடுச்சு. தேங்க்ஸுன்னார்.

திரும்பி வந்தேன். நர்ஸு அப்பாவோட கண்ணை மூடிக்கினு இருந்தாங்க. எனக்கு அழுகை வரல. இன்னும் வரல.

காரியம் முடிஞ்சு வேலைக்குப் போனதும் அந்த செட்டிங் ஃபைலைத் தொறந்தேன். ஒவ்வொரு வரிக்கும் மேலேயே விளக்கத்தை எழுதினேன். முன்னால # போட்டுட்டா டேட்டாபேஸ் அதைக் கண்டுக்காது, மனுஷன் மட்டும் படிக்கலாம். "நூறுக்கு மேல் ஏற்ற வேண்டாம். மெமரி தாங்காது."

"அதான் பிடிஎஃப் இருக்கேம்மா?"ன்னார் மேனேஜர்.

"அதை வெச்சு நாக்குகூட வழிக்க முடியாது சார்."

சாவு வூட்டுக்காரின்னு கோவப்படாம போயிட்டார்.

கணக்குக்காரர் என் பக்கத்துல நின்னு வரி வரியா படிச்சார். அப்பா போன நேரத்தை யாரோ அவர்கிட்ட சொல்லிட்டாங்க போல. "இனிமே உங்களுக்கு போனே பண்ண மாட்டேங்க"ன்னார்.

"பண்ணுங்க சார். எப்ப வேணா பண்ணுங்க. விட்டுட்டு எழுந்து வர்றதுக்கு இனிமே எனக்கு யாரும் இல்ல."