உப்பை மறந்த நாக்கு

தனகோட்டிக்கு இன்றைக்கும் இரண்டு கால்கள் இருக்கின்றன. பத்து விரல்களும் இருக்கின்றன. அவருடைய அண்ணன் சிங்காரவேலுக்கு முதலில் கட்டைவிரல் போனது, அப்புறம் பாதம், அப்புறம் முழங்காலுக்குக் கீழே எல்லாம். சர்க்கரை வியாதி. கடைசி ஆறு மாதம் அண்ணனைத் தூக்கிக்கொண்டு நடந்தவர் தனகோட்டிதான். அதனால் 2014 சித்திரையில் தன் வலது காலில் செருப்பு கடித்த புண் ஒரு மாதமாகியும் ஆறாமல் கிடந்தபோது, அது என்ன என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

நெய்வேலியில் ஒரு தொழிலாளர் கேன்டீனில் அவர் மாஸ்டர். கான்ட்ராக்ட் ஆள்தான், பர்மனன்ட் இல்லை. ஆனாலும் இருபத்திரண்டு வருடமாக அடுப்படி அவர் கையில். முதல் ஷிப்டுக்கு இட்லி. மதியம் முந்நூறு பேருக்குச் சோறு, சாம்பார், ரசம், ஒரு பொரியல். அளவுக்குப் படி கிடையாது. கல்லுப்பைக் கைப்பிடியாக அள்ளிப் போடுவார். கரண்டியிலிருந்து உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்ப்பார். தலையை ஆட்டுவார். அந்தத் தலையாட்டலுக்கு மேல் பேச்சில்லை. அவருடைய அப்பன், பாட்டன் எல்லாரும் அடுத்தவன் நிலத்தில் சேற்றை மிதித்தவர்கள். அவர்களை ஊர் 'டேய்' என்றுதான் கூப்பிட்டது. அந்தக் குடும்பத்தில் 'மாஸ்டர்' என்று கூப்பிடப்பட்ட முதல் ஆள் தனகோட்டி. எட்டு மணி நேரம் அடுப்பின் முன் நின்றால்தான் மாஸ்டர். கால் போனால் அதுவும் போய்விடும்.

பரமசிவம் என்று ஒருவர் மதியம் கேன்டீனுக்கு வருவார். எலக்ட்ரிகல் ஆள், கோபிச்செட்டிபாளையத்துப் பக்கம். சாப்பாடு வாங்க மாட்டார். டப்பாவில் முளைகட்டின பயறு, தேங்காய்ச் சில்லு, வெள்ளரி கொண்டுவந்து மூலையில் உட்கார்ந்து மெல்லுவார். மூன்று வருடமாக அதைத் தனக்குச் செய்யும் அவமரியாதையாகத்தான் தனகோட்டி நினைத்திருந்தார். அன்றைக்கு அவர் முன்னால் போய் நின்றார்.

"கால் ஆறலீங்க."

பரமசிவம் குனிந்து புண்ணைப் பார்த்தார். "முதல்ல டாக்டர்கிட்டப் போங்க. மாத்திரைய விடச் சொல்ல மாட்டேனுங்க. ஆனா வயித்துக்குள்ள போறத மாத்துங்க. அடுப்புல ஏறுனது எதுவும் வேண்டாம். உப்பும் வேண்டாம்."

"இருவத்ரெண்டு வருஷமா அடுப்புல ஏத்திகினு இருக்கறவன்கிட்ட சொல்றீங்க."

"நீங்க ஆக்குங்க. திங்காதீங்க."

அப்படித்தான் ஆரம்பித்தது. காலையில் அருகம்புல் சாறு, மதியம் பச்சைப்பயறு, கோவைக்காய், கேரட், இராத்திரி ஊறவைத்த வேர்க்கடலை ஒரு கை, ஒரு கொய்யா. முதல் பத்து நாள் தலை சுற்றியது. தாளிக்கும் வாசனைக்கு வாயில் எச்சில் ஊறும், துப்பிவிட்டு வருவார். வீட்டில் மனைவி அம்சவல்லி ஒரு டம்ளர் அரிசி போட்டுத் தனக்கு மட்டும் வடித்துக்கொண்டாள்.

"ஊருக்கெல்லாம் சோறு போட்டுட்டு, வூட்ல ஆடு மாரி மேஞ்சிகினு கெடக்குது இந்த மனுஷன்" என்றாள், பக்கத்துச் சுவரைப் பார்த்து.

ஆனால் புண் ஆறியது. டாக்டர் மருந்து வைத்துக் கட்டினார், மாத்திரை கொடுத்தார். ஆவணியில் ஓரத்தில் தோல் ஏறி, ஐப்பசியில் மூடிக்கொண்டது. முந்நூறுக்கு மேல் இருந்த சர்க்கரை நூற்று நாற்பதுக்கு வந்தது. எடை பன்னிரண்டு கிலோ குறைந்தது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கவில்லை. எல்லாவற்றையும்விட, நாக்கு புதிதாக விழித்துக்கொண்டது. வெள்ளரிக்குள் ஒரு மெல்லிய உப்பு இருப்பதை, கேரட்டின் நடுத்தண்டு ஓரத்தைவிடக் குறைவாக இனிப்பதை, ஐம்பத்திரண்டு வயதில்தான் அவர் கண்டுபிடித்தார்.

கெட்டதும் அந்த நாக்கால்தான்.

ஒருநாள் வழக்கம்போல சாம்பாரில் ஏழு கைப்பிடி உப்புப் போட்டு, உள்ளங்கையில் சொட்டு விட்டு நக்கினார். கடல் தண்ணீர் மாதிரி கரித்தது. பதறிப்போய், காய் நறுக்கும் செல்லக்கிளியைக் கூப்பிட்டு அவள் கையில் விட்டார்.

"சரியாத்தாண்ணே இருக்குது" என்றாள் அவள்.

அன்றிலிருந்து அவள்தான் அவருக்கு நாக்கு. யாருக்கும் தெரியாது. அவர் சொட்டு விடுவார், அவள் நக்குவாள், அவர் தலையை ஆட்டுவார். ஒரு டம்ளர் வைத்து அளந்து போட்டால் ஆகாதா என்று அவளே ஒருமுறை கேட்டாள். ஒரு மூட்டைப் புளி மாதிரி இன்னொரு மூட்டை இருக்காது, பருப்பும் அப்படித்தான், நாக்கில்லாமல் அளவு மட்டும் என்ன செய்யும் என்றார். தை மாதம் வரை இப்படி ஓடியது.

தையில் செல்லக்கிளி ஒரு கருமாதிக்கு மேல்பட்டாம்பாக்கம் போனாள். இரண்டு நாள் லீவு. முதல் நாள் கை ஏழு என்றது, நாக்கு மூன்றிலேயே போதும் என்றது. நடுவில் ஐந்தில் நிறுத்தினார். சாப்பாட்டுக் கூடத்தில் ஒருவன் தட்டைத் தூக்கிப் பிடித்தான்.

"மாஸ்டர், உப்புக்குக் கான்ட்ராக்ட் முடிஞ்சிடுச்சா?"

"டேய், அது ஆஸ்பத்திரி பேஷன்ட் சாப்பாடுடா, இப்டி வந்துட்டுது" என்றான் இன்னொருவன். மேசை முழுக்கச் சிரித்தது.

மறுநாள் நாக்கை நம்பவே கூடாது என்று வைராக்கியமாகக் கையை நம்பினார். எண்ணும்போது முந்தின நாள் சிரிப்பு காதில் இருந்தது. எட்டா ஒன்பதா என்று அவருக்கே தெரியவில்லை. இரண்டு அண்டா சாம்பாரைச் சாக்கடையில் ஊற்ற வேண்டியதாயிற்று.

கேன்டீன் சூப்பர்வைசர் இசக்கிமுத்து திருநெல்வேலிக்காரர். நல்ல மனிதர்தான்.

"நேத்து உப்பே இல்ல, இன்னைக்குக் கடல அள்ளிட்டு வந்திருக்கீரு. என்னாச்சு உமக்கு?"

தனகோட்டி உண்மையைச் சொன்னார். இசக்கிமுத்து அவர் காலைப் பார்த்தார்.

"உம்ம காலு எனக்குச் சந்தோசந்தான். ஆனா அடுத்தவ நாக்க நம்பி அடுப்ப விட்டா மேல நான் பதில் சொல்லணும்லா. ஒரு வாரம் பாரும். நாக்கு திரும்புச்சுன்னா அடுப்புல நில்லும். இல்லன்னா காய் நறுக்குற மேசைக்குப் போயிரும்."

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து, "சோறு போடு. ஊறுகாயும் எடு" என்றார் தனகோட்டி. ஒன்பது மாதம் கழித்து அம்சவல்லி இரண்டு டம்ளர் அரிசி போட்டாள். கருவாட்டுக் குழம்பு வைத்தாள். அவர் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். முதல் கவளம் வாயை எரித்தது. நாலாம் நாள் எரியவில்லை. அதற்குள் நாக்கு மரத்துப் பழசாகிக்கொண்டு வந்தது.

ஐந்தாம் நாள் காலையில் சர்க்கரை இருநூற்று அறுபது. புண் ஆறிய இடம் லேசாகச் சிவந்து, எறும்பு ஊர்வதுபோல இருந்தது. சாயங்காலம் அவர் தட்டின் முன்னால் உட்கார்ந்தார். அம்சவல்லி அவர் காலைப் பார்த்தாள். சோற்றுப் பானையை எடுத்துப் பின்னால் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள்.

"இன்னும் ரெண்டு நாளு. நாக்கு வந்துகினு இருக்குது" என்றார்.

"ஒங்க அண்ணன் காலத் தொடச்சிக் கட்டுப் போட்டது நானு. அந்த நாத்தம் இன்னும் என் மூக்குல இருக்குது. மாஸ்டரா இருந்து என்னா பண்ணப் போறீங்க, ஒத்தக் கால்ல."

அவர் தட்டைக் கவிழ்த்து வைத்தார். அவளும் அன்று சாப்பிடவில்லை.

ஏழாம் நாள் வரை அவர் காத்திருக்கவில்லை. மறுநாள் காலை கரண்டியைக் கழுவித் துடைத்துச் செல்லக்கிளி கையில் கொடுத்தார். "நீதான இத்தினி நாளா ஆக்குன" என்றார். அவள் வேண்டாம் என்றாள், அழுதாள். அப்புறம் வாங்கிக்கொண்டாள்.

மதியம் யாரும் எதுவும் சொல்லவில்லை. சாம்பார் சரியாக இருந்தால் அதைப் பற்றி யார் பேசுவார்கள்? ஒரு மாதத்தில் கூடத்திலிருந்து வந்த 'மாஸ்டர்' என்ற குரலுக்குச் செல்லக்கிளி திரும்பத் தொடங்கினாள். தனகோட்டி பழைய ஞாபகத்தில் தலையைத் தூக்குவார். தூக்கியதை மறைக்க மூக்கைத் துடைத்துக்கொள்வார்.

இப்போதும் தினம் பதினோரு மணிக்குச் செல்லக்கிளி கரண்டியோடு அவருடைய காய் நறுக்கும் மேசைக்கு வருவாள். அவர் உள்ளங்கையில் ஒரு சொட்டு விடுவாள்.

"பாத்துச் சொல்லுண்ணே."

அவர் நக்கிப் பார்ப்பார். அடித்தொண்டை வரை கரிக்கும்.

"ஒனக்கு எப்டி இருக்குது?"

"எனக்குச் சரியா இருக்குது."

"அப்ப சரிதான்" என்று தலையை ஆட்டுவார். அவள் போன பிறகு வாயைக் கொப்பளித்துவிட்டு, நறுக்கின வெள்ளரியில் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, எட்டு மணி நேரமும் நின்றபடியே காய் நறுக்குவார்.