வரதன் போடவிருந்த கரையைப் பார்க்கத் திருத்தணிக்குப் போனேன்

யுத்தம் முடிந்த மறு வருஷம், ஆடிக் கிருத்திகைக்கு முதல் நாள் திருத்தணிக்குப் புறப்பட்டேன். சாமி கும்பிடப் போனேன் என்று சொன்னால் பொய். வரதன் தயாரித்த வெள்ளக்கரைத் திட்டத்தில் ஒரு குறையாவது அகப்படாதா என்று பார்க்கத்தான் போனேன்.

வரதனும் நானும் சென்னையில் ஒன்றாக ஓவர்சியர் பரீட்சைக்குப் படித்தவர்கள். மார்க்கு எனக்குத்தான் அதிகம். இதை இங்கே சொல்ல அவசியமில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். திருத்தணியில் நந்தியாற்றின் பழைய மண்கரை வருஷா வருஷம் ஐப்பசி மழையில் அங்கங்கே உடைந்துகொண்டிருந்தது. அதைப் பலப்படுத்தும் வேலை வரதன் கைக்குப் போனது. பாலாற்றங்கரையில் இருக்கும் எங்கள் ஊர்க் கரை அதைவிடப் பழையது. அந்தக் கரை வேலையாவது எனக்கு வரும் என்று இரண்டு வருஷமாகக் காத்திருந்தேன். எங்கள் ஊர் பஞ்சாயத்து போர்டு பிரசிடெண்டோ, முதலில் திருத்தணியில் எப்படிச் செய்கிறார்கள் என்று பார்த்துவிட்டு அப்புறம் யாரிடம் கொடுப்பது என்று முடிவு செய்வோம் என்றார். என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார்.

வாலாஜா ரோட்டில் காலைப் பாசஞ்சர் ஏறி, அரக்கோணத்தில் வண்டி மாறினோம். அங்கிருந்து திருத்தணி எட்டு மைல்தான். ஆனால் கிருத்திகைக் கூட்டத்தில் அந்த எட்டு மைலும் ஒற்றைக் காலில் நின்றோம். பூக்காவடிகள் ஜன்னலுக்கு வெளியே ஆடிக்கொண்டு வந்தன. ஸ்டேஷனில் காசிம் பாயின் ஜட்கா கிடைத்தது. சாதாரண நாளில் இரண்டணா, அன்றைக்கு நான்கணா. கரையைப் பார்க்க வந்திருக்கிறோம் என்றதும், வரதன் ஐயாவின் ஆட்களா என்று கேட்டார். அந்த ஐயா வெயிலில் தானே அளவுச் சங்கிலி பிடித்து அளந்தார், வேலை செய்பவர்களுக்குத் தன் செலவில் மோர் வாங்கிக் கொடுத்தார் என்று வழியெல்லாம் புகழ்ந்தார். வண்டிக் குலுக்கலை விட அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது.

சத்திரத்தில் எங்களுக்கு இடம் பிடித்து வைத்திருந்தான் வரதன். திட்டப் படத்தை விரித்துக் காட்டினான். பழைய கரையை மூன்றடி உயர்த்தி, ஆற்றுப் பக்கம் முழுக்கக் கல் பதிப்பது. சிமெண்டுக்குப் பெர்மிட் கிடைக்காத காலத்தில் கெட்டிக்காரத்தனமான யோசனை. கோடுகள் அவ்வளவு சுத்தமாக இருந்தன. ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மலையடிவார மெஸ்ஸில் ரசம் நன்றாகவே இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

கிருத்திகையன்று காலையில் பிரசிடெண்ட் மலையேறிவிட்டார். நான் ஆற்றங்கரைக்குப் போனேன். அக்கரைத் தெலுங்கு கிராமங்களிலிருந்து காவடிக்காரர்கள் ஆற்று மணலில் இறங்கி வந்தார்கள். ஊற்றுத் தோண்டிக் குளித்தார்கள். குளித்ததும் ஒவ்வொருவரும் ஆற்று மணலை மூன்று கை அள்ளிக் கரைமேல் போட்டுவிட்டு மலைக்கு நடந்தார்கள். ஒருவரைக் கேட்டேன். ஆறு ஊருக்குள் வராமலிருக்க சாமிக்கு வேண்டிக்கொண்டு போடுவது, வழிவழியாக வருகிற வழக்கம் என்றார்.

எனக்குப் பளிச்சென்று புரிந்தது. குடையின் முனையைக் கரையில் செருகினேன். பிடி வரைக்கும் தடையில்லாமல் இறங்கியது. மேலே புல், உள்ளே வெறும் ஆற்று மணல். வரதன் தை மாதக் கடைசியில் வந்து சேர்ந்தவன், இங்கே ஆடிக் கிருத்திகையே பார்த்ததில்லை. ஊர்க்காரர்களுக்கு இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம், அதனால் யாரும் அவனிடம் சொல்லவில்லை. இந்த மணல்மேல் மண்ணைக் கொட்டிக் கல்லைப் பதித்தால், முதல் பெரிய வெள்ளத்தில் நீர் உள்ளே கசிந்து கல்லோடு சரிந்துவிடும். அன்றைக்கு மலையேறி முருகனையும் கும்பிட்டேன். மனம் அவ்வளவு நிறைந்திருந்தது.

மறுநாள் காலை சத்திரத்துக் கூடத்தில் ஊர்க்கூட்டம். வரதன் விளக்கி முடித்ததும் எழுந்தேன். மணலைச் சொன்னேன், குடையைச் சொன்னேன், கரை எப்படிச் சரியும் என்று விலாவாரியாகச் சொன்னேன். நான் வரதனின் முகத்தையே பார்த்தேன்.

அவன் நேரே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டான். "நல்ல வேளைப்பா, மழைக்கு முன்னாடி சொன்னே" என்றான். பிறகு கூட்டத்தைப் பார்த்து, அப்படியானால் மணலை வெட்டி எடுத்துவிட்டு நல்ல மண் போடவேண்டும் என்றான்.

காவடிக்குப் பூக்கட்டி விற்கும் முனிரத்தினம் எழுந்தார். "நைனா, எங்க பாட்டன் காலத்துல இருந்து வேண்டிக்கினு போட்ட மண்ணுங்க அது. அத்த வெட்டினா ஆத்த நாமளே ஊருக்குள்ள கூப்புட்ட மாதிரி" என்றார். கூட்டமே அவர் பக்கம் சாய்ந்தது. இப்போது வரதன் வசமாக மாட்டிக்கொண்டான் என்று நினைத்தேன்.

வரதன் முனிரத்தினத்தின் பக்கத்தில் பாயில் உட்கார்ந்து, படத்தின் பின்பக்கத்தில் பென்சிலால் வரைந்தான். மணலை வெட்டவேண்டாம், ஊர்ப்பக்கம் அப்படியே முட்டுக்கொடுத்துக்கொண்டு இருக்கட்டும். ஆற்றுப் பக்கம் அடியிலிருந்து ஏரிக் களிமண்ணைக் கெட்டியாக இடித்து ஒரு சுவர்போல எழுப்பி, அதன்மேல் கல் பதிப்போம் என்றான். அடுத்த கிருத்திகையிலிருந்து மணலுக்குப் பதில் ஏரிமண்ணை மூன்று கை போடலாமா என்றும் கேட்டான்.

முனிரத்தினம் பென்சில் கோட்டின்மேல் விரலை ஓட்டிப் பார்த்தார். "ஆங், அதுவும் மண்ணுதான. சாமி ஒண்ணும் சொல்லாதுங்க" என்றார்.

எனக்கு வயிறு எரிந்தது. குறையைக் கண்டுபிடித்ததோடு நின்றவன் நான். ஒரு நாள் முழுக்க அந்தக் குறையை மடியில் கட்டிக்கொண்டு அலைந்தேன், அதை எப்படிச் சரிசெய்வது என்று ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. அவன் உட்கார்ந்த இடத்திலேயே சரிசெய்தான். அதில் பிழை தேடி மத்தியானம் வரை மண்டையைக் குடைந்தேன், ஒன்றும் இல்லை. போதாததற்கு, இதைக் கண்டுபிடித்தவர் என் சிநேகிதர் என்று கூட்டத்தில் என்னைக் காட்டினான். எல்லோரும் ஒரு தடவை என்னைப் பார்த்துவிட்டு மறுபடி அவன் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

சாயந்திர வண்டியில் திரும்பினோம். அரக்கோணம் பிளாட்பாரத்தில் டீ குடிக்கும்போது பிரசிடெண்ட், நம் கரையை வரதனிடமே கொடுத்துவிடலாம், அவரோடு பழக்கம் உங்களுக்குத்தான், நீங்களே கடிதம் எழுதிவிடுங்கள் என்றார். மணலைக் கண்டுபிடித்தது நானல்லவா என்று கேட்டேவிட்டேன்.

"ஆங், நீங்கதான் கண்டுபிடிச்சீங்க" என்றார். "சொல்லிகினு இருந்தப்போ உங்க மூஞ்சியப் பாத்தேங்க. ஊரு தண்ணில முழுவப் போவுதுன்னு சொல்றவருக்கு அம்மாம் சந்தோஷம் இருக்கக் கூடாது."

திருத்தணி போக நினைப்பவர்களுக்கு: கிருத்திகை சமயத்தில் கையில் அரிசி எடுத்துப் போங்கள், ரேஷனில் மெஸ்காரர் கணக்காகத்தான் போடுவார். ஜட்காவுக்கு ஏறும் முன்பே பேசிவிடுங்கள். புதுக்கரையைக் காலை வெயிலில் பார்த்தால் அழகாக இருக்கிறதாம். நான் இன்னும் போகவில்லை.

வரதனுக்கு எழுதிய கடிதத்திலும் வழியை விவரமாகவே எழுதினேன். அரக்கோணத்தில் வண்டி மாறவும், வாலாஜா ரோட்டில் இறங்கவும், அங்கிருந்து ஆற்றுக்கு மாட்டு வண்டியில் ஒரு மணி நேரம். ஸ்டேஷனுக்கு நானே வண்டியோடு வந்து காத்திருப்பேன் என்றும் எழுதவேண்டியதாயிற்று. பிரசிடெண்ட் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.