ஏழாம் வளைவில் நிற்கும் வண்டி

அம்மாசியின் மோட்டார் சைக்கிள் கச்சிராயபாளையம் கடைத்தெருவில் நன்றாகத்தான் ஓடும். கோமுகி அணை வரைக்கும் ஒரு குறையும் சொல்ல முடியாது. அணையைத் தாண்டிக் கல்வராயன் மலை ஏறத் தொடங்கி ஏழாவது வளைவை நெருங்கும்போதுதான் அதற்கு என்னவோ ஆகிவிடும். இரண்டு முறை இருமும், ஒரு முறை இழுக்கும், அப்புறம் சத்தமில்லாமல் நின்றுவிடும். ஐப்பசி பிறந்ததிலிருந்து இரண்டு புதன்கிழமை இப்படி நின்றாயிற்று. மூன்றாவது புதன்கிழமையும் நின்றால் அவனுக்கு வேலை இல்லை.

வேலை என்றால் பெரிய வேலை ஒன்றுமில்லை. புதன்கிழமைதோறும் அடிவாரத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து தடுப்பூசி மருந்தை ஐஸ் வைத்த நீலப் பெட்டியில் வாங்கிக்கொண்டு, மலைமேல் இருக்கிற துணை நிலையத்தில் சேர்க்க வேண்டும். சாயங்காலம் காலிப் பெட்டியைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். நடைக்கு இவ்வளவு என்று கொடுப்பார்கள். மற்ற நாட்களில் அவன் டியூஷன் எடுப்பான், மனு எழுதிக் கொடுப்பான், அரசுத் தேர்வுக்குப் படிப்பான். இயற்பியலில் பட்டம் வாங்கி நான்கு வருஷம் ஆகியும் அவன் கைக்கு வந்த ஒரே அரசாங்கச் சம்பந்தமான வேலை இதுதான். அப்பா கொளஞ்சியப்பனும் அம்மா தைலம்மாளும் கரும்பு வெட்டிப் படிக்க வைத்தவர்கள். ‘எம்புள்ள ஆஸ்பத்திரியில வேல செய்யறான்’ என்று அம்மா தெருவில் சொல்லும்போது அவன் மறுத்ததும் கிடையாது, ஆமாம் என்றதும் கிடையாது.

போன புதன்கிழமை அவன் வண்டியைத் தள்ளியும் உருட்டியும் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்றரை. துணை நிலையத்தில் நர்ஸ் பெரியநாயகி மட்டும் உட்கார்ந்திருந்தார். மழைக்குப் பயந்து, குழந்தைகளைத் தூக்கி வந்த பெண்கள் எல்லோரும் திரும்பிப் போயிருந்தார்கள்.

“பதினோரு புள்ளைங்க அம்மாசி. ஒரு பொண்ணு ரெண்டு மணி நேரம் நடந்து வந்திருக்குது. நான் இன்னா பதில் சொல்லட்டும்?” என்றார் பெரியநாயகி. திட்டினால்கூடத் தேவலை போலிருந்தது அவனுக்கு.

கீழே வந்தபோது சுகாதார ஆய்வாளர் திட்டவும் செய்தார். “வர்ற புதன்கிழமையும் இப்டி ஆச்சுன்னா வேற ஆளப் பாத்துக்குவோம்பா. உன்மேல கோவம் இல்ல. ஆனா மருந்து போய்ச் சேரணும் இல்ல?”

அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. அதுதான் அவனுக்குக் கூடுதல் வலியாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலையில் வண்டியை இரண்டாவது முறையாக மெக்கானிக் ராஜாங்கத்தின் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனான். ராஜாங்கத்தின் கை அந்த வட்டாரத்தில் பேர் போன கை. டிராக்டர் ஆனாலும் தண்ணி மோட்டார் ஆனாலும் சத்தத்தை வைத்தே நோயைச் சொல்லிவிடுவார்.

“இன்னாப்பா, மாமியார் வூட்டுக்கு வர்ற மாதிரி வாரம் ஒருதரம் வந்துக்கினு கீற?”

“மறுபடியும் ஏழாவது வளைவுலதாண்ணா நின்னுச்சு.”

“அங்க எதுனா பொண்ணு கிண்ணு பாத்து வெச்சிருக்கியா? வண்டிக்குத் தெரிஞ்சிருக்குது.”

சிரித்துக்கொண்டே ராஜாங்கம் முதலில் டேங்க் மூடியைத் திறந்து பெட்ரோலை எட்டிப் பார்த்தார். வண்டி எதுவாக இருந்தாலும் அவர் முதலில் செய்வது அதுதான். மூடியின்மேல் அம்மாசியின் அம்மா வைத்த சந்தனமும் குங்குமமும் கெட்டியாக அப்பியிருந்தன. பொட்டு கலையாதபடி மூடியின் ஓரத்தை மட்டும் பிடித்துத் திருகி, திறந்ததும் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு கார்பரேட்டரைக் கழற்றினார். கிண்ணத்தில் தண்ணீர் தேங்கியிருக்கிறதா என்று பார்த்தார், இல்லை. மிதவையை அசைத்துப் பார்த்தார். நன்றாக ஏறி இறங்கியது. பெட்ரோல் பாயும் குட்டிக் குழாயான ஜெட்டைக் கழுவி, வாயால் ஊதி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு வானத்துக்கு நேராகப் பிடித்தார்.

“பாரு. ஊசி முனை அளவு ஓட்டை. இதுல ஒரு தூசி உக்காந்தா போதும், வண்டி படுத்துரும். ஆனா இப்ப தூசி இல்ல. போன வாட்டியும் இல்ல.” தலையைச் சொறிந்தார். “சரி, பிளக்க மாத்திட்டேன். டேப்பு வடிகட்டியும் கிளீனு. ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்க. மழக்காலம். மலைமேல போய் டேங்க் மூடியத் தொறக்காத, தண்ணி எறங்கிடும். இங்கயே ஃபுல்லா போட்டுக்கினு போ.”

போன முறையும் சொன்ன அதே புத்திமதிதான். அம்மாசியும் அதைத் தவறாமல் கேட்டு நடந்தவன்.

ராஜாங்கம் வண்டியை அணை வரைக்கும் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தார். ஒரு இருமல் இல்லை. “தங்கம்பா!” என்றார். அந்தச் சொல்லையும் அம்மாசி இரண்டாவது முறையாகக் கேட்டான்.

அன்று சாயங்காலம் தைலம்மாள் வழக்கம்போல வண்டிக்குப் பொட்டு வைத்தாள். அந்த வீட்டில் வாங்கிய முதல் வண்டி அது. நான்கு கை மாறி வந்தது. பூட்டு வைத்த பழைய மூடி எப்போதோ தொலைந்து, சாதாரண வட்ட மூடி ஒன்று போட்டிருந்தது. ஆயுத பூஜை அன்று கரும்பு வெட்டும் கத்திகளோடு வண்டியையும் வரிசையில் நிறுத்தியபோது, தைலம்மாள் அதன் நெற்றி எது என்று வெகுநேரம் தேடினாள். விளக்குக் கண்ணாடியில் சந்தனம் வழுக்கியது. கடைசியில் டேங்க் மூடிதான் நெற்றி என்று முடிவு செய்தாள். அன்றிலிருந்து ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் பொட்டு உண்டு. காய்ந்த பொட்டைக் கழுவக் கூடாது, அதன்மேலேதான் புதுசு வைக்க வேண்டும் என்பது அவள் வைத்த சட்டம். வண்டியைக் கழுவும்போதுகூட அம்மாசி மூடியை விட்டுவிட்டுத்தான் கழுவுவான்.

“நாளைக்கு நிக்காது சாமி. வேண்டிக்கினு வெச்சிருக்கிறேன்” என்று சொல்லி, விரலால் ஒரு அழுத்து கூடுதலாகவே அழுத்தினாள்.

புதன்கிழமை காலை எட்டரைக்குப் பெட்டியைக் கேரியரில் கட்டிக்கொண்டு கிளம்பினான். அணை தாண்டியது. ஒன்று, இரண்டு என்று வளைவுகளை எண்ணிக்கொண்டே ஏறினான். ஐந்தாவது வளைவில் மனசு கொஞ்சம் இளகியது. ஆறாவதில் வண்டி ஒருமுறை இருமியது. ஏழாவது வளைவில், போன வாரம் நின்ற அதே புளிய மரத்துக்கு இரண்டு கஜம் முன்னால், நின்றுவிட்டது.

அம்மாசி இறங்கவில்லை. ராஜாங்கத்தின்மேல் கோபம் வரவில்லை. தன்மேல்தான் வந்தது. வண்டி வைத்திருக்கிறவன், இயந்திரம் பற்றிப் புத்தகத்தில் படித்தவன், இன்னொருவன் சொன்னதைச் செய்துகொண்டு மூன்று வாரம் காத்திருந்திருக்கிறான். தானாக ஒரு தடவை யோசித்துப் பார்த்தோமா? படித்தது எல்லாம் பரீட்சைக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வந்ததோடு சரியா?

மரத்தடியில் ஒரு பெண் இடுப்பில் குழந்தையும் கையில் குடையுமாக பஸ்ஸுக்கு நின்றிருந்தாள். பக்கத்துக் குடியிருப்பைச் சேர்ந்த செல்லியம்மாள். பெட்டியைப் பார்த்ததும் ஆளைக் கண்டுகொண்டாள்.

“ஓ, நீதான் அந்த ஊசிக்கார தம்பியா? போன புதன்கிழம ஒன்னாலதான் நான் சும்மா திரும்பி வந்தேன். இன்னிக்கும் படுத்துக்கிச்சா?”

“படுத்துக்கிச்சுக்கா” என்றான்.

இறங்கி, இந்த முறை பிளக்கைத் தொடவில்லை. பெட்ரோல் எங்கே வரை வருகிறது என்று பார்ப்போம் என்று தோன்றியது. கார்பரேட்டருக்குப் போகும் டியூபை உருவினான். டேங்குக்கு அடியில் இருந்த பெட்ரோல் டேப் திறந்தே இருந்தது. நாலு சொட்டு விழுந்தது. பிறகு ஒன்றுமில்லை. அப்படியானால் கார்பரேட்டர்மேல் குற்றமே இல்லை, அதற்குச் சோறே போகவில்லை என்று புரிந்தது. ஆனால் டேப்பு வடிகட்டியை நேற்றுத்தான் கழுவியிருக்கிறார்கள்.

“எண்ணெ இருக்குதா பாத்தியா?” என்றாள் செல்லியம்மாள்.

“ஃபுல்லா இருக்குதுக்கா. காலையிலதான் போட்டேன்.”

“தொறந்து காட்டு.”

“தொறக்கக் கூடாதுக்கா, தூறல் தண்ணி எறங்கிடும்.”

“தண்ணி எறங்காம நான் பாத்துக்கிறேன். தொற.” குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, குடையை டேங்குக்குமேல் பிடித்தாள். “போன வாரம் எனக்குப் போன பொழுதுக்கு இதுகூடக் காட்ட மாட்டியா?”

மூடியின் ஓரத்தைப் பிடித்துத் திருகினான்.

‘உஸ்ஸ்’ என்று ஒரு சத்தம் கேட்டது. சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி, ஆனால் காற்று வெளியே வரவில்லை, உள்ளே போயிற்று. அடுத்த நொடி, தொங்கிக்கொண்டிருந்த டியூபிலிருந்து பெட்ரோல் குபுகுபுவென்று அவன் கால்மேல் கொட்டியது.

அம்மாசி டேப்பை மூடினான். மூடியை இறுக்கிவிட்டு டேப்பைத் திறந்தான். கொட்டியது, மெலிந்தது, சொட்டாயிற்று, நின்றது. மூடியைத் திறந்தான். கொட்டியது.

“இன்னா தம்பி, எண்ணெயெல்லாம் ரோட்டுக்கு ஊத்திக்கினு சிரிக்கிற?”

அவன் சிரித்துக்கொண்டுதான் இருந்தான். சின்ன வயதில், கரும்புக் கொல்லை மோட்டார் தொட்டியில் பப்பாளித் தண்டை முக்கி, மேல்முனையைக் கட்டைவிரலால் அடைத்துத் தூக்குவான். தண்ணீர் தண்டுக்குள்ளேயே நிற்கும். விரலை எடுத்தால் சளார் என்று விழும். கல்லூரியில் அதே விஷயத்துக்குக் காற்றழுத்தம் என்று பேர் சொன்னார்கள். ஐந்து மார்க் கேள்விக்கு ஐந்தும் வாங்கினான். அந்தத் தண்டும் இந்த டேங்கும் ஒன்றுதான் என்று தெரிய ஏழாவது வளைவுக்கு மூன்று தடவை வர வேண்டியிருந்தது.

மூடிக்கு நடுவில் காற்று போக ஒரு ஓட்டை இருக்க வேண்டும். நடுவில் இருந்தது அம்மாவின் பொட்டு. வாரத்துக்கு ஒன்றாக, ஒன்றன்மேல் ஒன்றாக, வேண்டிக்கொண்டு அழுத்தியது. ரப்பர் ஓரமாகக் கசிந்த கொஞ்சம் காற்று சமதரைக்குப் போதுமாக இருந்தது. ஏற்றத்தில் வண்டி அதிகமாகக் குடிக்கும்போது போதவில்லை. ராஜாங்கம் கடையில் முதல் வேலையாக மூடியைத் திறந்துவிடுவதால் அங்கே எப்போதும் தங்கமாக ஓடியது.

மூடியைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினான். செல்லியம்மாள் பார்த்தாள். என்ன என்று கேட்காமலே அவளுக்குப் பாதி புரிந்துவிட்டது.

“யார் வெச்சது, அம்மாவா?”

“ம்.”

“புள்ள போய்ச் சேரணும்னுதான வெச்சிருப்பாங்க? சொரண்டு, சொரண்டு. ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டாங்க.” சேலையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி நீட்டினாள்.

அம்மாசி சந்தனத்தைச் சுரண்டி, ஓட்டையில் ஊக்கைவிட்டுத் திருகினான். ஒரு கண்ணை மூடிக்கொண்டு மூடியை வானத்துக்கு நேராகப் பிடித்தான். ராஜாங்கம் ஜெட்டைப் பிடித்த மாதிரியே. ஊசி முனை அளவுக்கு வெளிச்சம் தெரிந்தது. மூன்று வாரமாக நெஞ்சில் அடைத்திருந்தது எதுவோ அந்த ஓட்டை வழியாகப் போனது போல, பெரிய மூச்சு ஒன்று வந்தது.

இரண்டாவது உதையில் வண்டி கிளம்பியது. “ஒக்காருக்கா, பஸ்ஸு எப்ப வர்றது” என்றான். அவளும் குழந்தையும் அவனுக்கும் பெட்டிக்கும் நடுவில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். எட்டாவது வளைவு, ஒன்பதாவது வளைவு. அதற்குமேல் அவன் எண்ணவில்லை.

துணை நிலையத்துக்குள் நுழைந்தபோது மணி பத்தேகால். பெண்கள் அப்போதுதான் ஒவ்வொருவராக வந்துகொண்டிருந்தார்கள். பெரியநாயகி கடிகாரத்தைப் பார்த்தார், அவனைப் பார்த்தார்.

“யார் வண்டிப்பா இது?”

“என்னுதுதான் மேடம்.”

“நம்பவே முடியல. பெட்டியக் குடு.”

செல்லியம்மாளின் குழந்தைக்குத்தான் முதல் ஊசி. அது அலறிய அலறல் எதிர்ச் சரிவு வரைக்கும் கேட்டிருக்கும். வாசலில் உட்கார்ந்திருந்த அம்மாசிக்கு அந்தச் சத்தம் அவ்வளவு நன்றாக இருந்தது.

சாயங்காலம் காலிப் பெட்டியை ஒப்படைத்தபோது சுகாதார ஆய்வாளர் பதிவேட்டில் நேரத்தைப் பார்த்துவிட்டு, “வர்ற வாரம் எட்டு மணிக்கே வந்துரு, மருந்து ஜாஸ்தி இருக்கும்” என்று மட்டும் சொன்னார். அது போதும். ராஜாங்கத்திடம் விஷயத்தைச் சொன்னான். அவர் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

“அடப்பாவி! வண்டியில இருக்கிற அத்தன ஓட்டையும் ஊதினேனே. அந்த ஒண்ண மட்டும் தொட்டுக் கும்புட்டுட்டு வுட்டேன் பாரு!”

வீட்டில் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. ஒன்றும் சொல்லாமல் இருந்துவிடலாமா என்று அடுத்த செவ்வாய்க்கிழமை வரைக்கும் யோசித்தான். தைலம்மாள் சந்தனக் கிண்ணத்தோடு வந்து வழித்த மூடியைப் பார்த்து நின்றபோது, வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் சொன்னான். ஓட்டையைக் காட்டினான். “நீ வேணும்னு பண்ணலம்மா. எனக்கே தெரியல” என்று முடித்தான்.

அவள் குனிந்து அந்த ஓட்டையை விரலால் தடவிப் பார்த்தாள். முகம் சுருங்கிவிடுமோ என்று அவன் பயந்துகொண்டிருந்தான்.

“மூக்கப் போயி நெத்தின்னு நெனச்சிக்கினேன்” என்றாள். பிறகு சந்தனத்தை விரலில் எடுத்துக்கொண்டு வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். “சரி, இன்னும் எங்கெங்க மூச்சு வுடுதுன்னு மொதல்ல சொல்லிடு. அப்புறம் வெக்கிறேன்.”

அம்மாசி ஒவ்வொன்றாகக் காட்டினான். கடைசியில் நம்பர் பலகையின் மூலையில் ஒரு சின்னப் பொட்டு வைத்தார்கள்.