கிறிஸ்துமஸ் தாத்தாவின் கெண்டைக்கால்

தாம்பரத்தில் என்ன பெரிய குளிர் என்று சிரிப்பவர்களோடு நான் வாதாடுவதில்லை. டிசம்பர் மாதம் பொழுது சாய்ந்தபிறகு, மெல்லிய சாட்டின் உடுப்போடு திறந்த டெம்போவில் உட்கார்ந்து சேலையூர் ஏரிப் பக்கமாக ஒரு சுற்று போய்விட்டு வந்து பேசட்டும். நான் வருஷா வருஷம் போகிறேன். எங்கள் சபையின் கிறிஸ்துமஸ் தாத்தா நான்தான்.

இந்த வேஷம் நான் கேட்டு வாங்கியதல்ல. மனைவி இறந்த அடுத்த வருஷம், வழக்கமாக ஆடுகிறவருக்கு வேலை மாற்றலாகி அவர் கோவைக்குப் போய்விட்டார். வயிற்றில் தலையணை கட்டாமலே அந்தச் சிவப்பு உடுப்பு பொருந்துகிற ஆள் சபையில் நான் ஒருவன்தான். ஆடத் தெரியாது என்றேன். யார் கேட்டார்கள்?

கேரல் ரவுண்ட்ஸ் எங்கள் பக்கம் எப்படி என்றால், வாலிபர்கள் வீடு வீடாகப் போய்ப் பாடுவார்கள். பாட்டு முடிகிற நேரத்தில் டிரம்ஸ் சூடுபிடிக்கும். தாத்தா குதித்துக்கொண்டு உள்ளே வந்து ஆடி, பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்துவிட்டுப் போவார். முகமூடியைக் கழற்றக் கூடாது. வாயைத் திறக்கவே கூடாது. குரலை வைத்துப் பிள்ளைகள் ஆளைக் கண்டுபிடித்துவிடுமாம்.

மற்ற நாட்களில் நான் மறைமலை நகரில் ஒரு கம்பெனியின் ஸ்டோர்ஸில் போல்ட்டும் நட்டும் எடுத்துக் கொடுக்கிறவன். ரயிலில் போகிறேன், ரயிலில் வருகிறேன். பிள்ளைகள் இல்லை. வீட்டுக்கு வந்தால் குக்கர் மட்டும்தான் சத்தம் போடும். கேரல் நாட்களில்தான் எல்லா வீட்டுக் கதவும் எனக்குத் திறக்கும். பெரியவர்கள் கையைப் பிடித்துக்கொள்வார்கள், குழந்தைகள் காலைக் கட்டிக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமை அதே வீட்டுக்காரர்கள் சபை வாசலில் "ஸ்தோத்திரம் பிரதர்" என்று சொல்லிக்கொண்டே செருப்பைத் தேடிப் போய்விடுவார்கள். அந்த வேஷம் கைவிட்டுப் போனால் வருஷம் முழுக்க என்னைத் தொட ஒருவரும் இல்லை. இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை, உண்மை அதுதான்.

போன வருஷம் அதற்குத்தான் ஆபத்து வந்தது. கேம்ப் ரோடு பக்கம் ஒரு வீடு. டெம்போவில் வெகுநேரம் காலை மடக்கி உட்கார்ந்து, எதிர்க்காற்றில் விறைத்துப்போய் வந்திருந்தேன். வண்டி நின்றதும் டிரம்ஸ் ஆரம்பித்துவிட்டது. நானும் அப்படியே குதித்தேன். இடது கெண்டைக்காலில் யாரோ பின்னாலிருந்து கல்லால் அடித்தது போல இருந்தது. திரும்பிக்கூடப் பார்த்தேன், யாரும் இல்லை. காலை ஊன்ற முடியவில்லை. நொண்டி நொண்டிச் சுற்றினேன். எல்லாரும் கைதட்டிச் சிரித்தார்கள், தாத்தா காமெடி பண்ணுகிறார் என்று. உள்ளே என் கண்ணில் தண்ணீர் வழிகிறது. வெளியே முகமூடி பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தது.

சுளுக்கு என்று சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தேன். தைலத்தைப் போட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தித் தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்க வீங்கியது. கிறிஸ்துமஸ் அன்று எழுந்து நடக்க முடியவில்லை. கட்டிலில் படுத்தபடி சபையின் மைக் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். யாரும் வரவில்லை. வருவார்கள் என்று எதிர்பார்த்துப் புதுச்சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டதுதான் பெரிய முட்டாள்தனம். அன்று வாய்விட்டு அழுதேன்.

வேளச்சேரி சாலையில் பிசியோதெரபி பார்க்கும் பெண் ஒருவர் இருக்கிறார். பண்டிகை முடிந்து அவரிடம் போனேன். தேய்த்த கதையைக் கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"கிழிஞ்ச சதையைப் போட்டுத் தேச்சா அது இன்னும் கிழியாதா சார்? ஐஸ் வச்சிட்டு சும்மா படுத்திருக்கணும்."

"ஆடினதுல கிழிஞ்சுபோச்சும்மா."

"ஆடினதுல இல்ல. குளிர்ல உக்காந்திருந்துட்டு நேரா ஆடினீங்க பாருங்க, அதுல. ரப்பர் பேண்டை ஃபிரிட்ஜ்ல வச்சு எடுத்து, வெடுக்குன்னு இழுத்துப் பாருங்க, என்ன ஆவுதுன்னு."

கால் ஆறியபிறகு அவர் சொல்லிக் கொடுத்ததை ஆடி மாதத்திலிருந்தே செய்ய ஆரம்பித்தேன். மாடிப்படி விளிம்பில் முன்பாதத்தை மட்டும் வைத்து நின்று, குதிகாலை மெதுவாக ஏற்றி இறக்குவது. சுவரைத் தள்ளுகிற மாதிரி நின்று பின்னங்காலை நீட்டுவது. முதல் வாரம் இரண்டு கெண்டைக்காலும் வலித்தன. புதுசாக எதையும் ஒரே நாளில் அதிகமாகச் செய்தால் அப்படித்தான், கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள் என்றார். மேல்வீட்டுக்காரர் படியில் இறங்கும்போது என்னைப் பார்த்து, "வாக்கிங் போகலாமே சார்" என்பார். வாருங்கள் சேர்ந்து போகலாம் என்று சொல்வாரோ என்று பார்ப்பேன். அதற்குள் அவர் பைக்கைக் கிளப்பிவிடுவார்.

நவம்பரில் வாலிபர் சங்கச் செயலாளர் கூப்பிட்டான். சிறுசேரியில் வேலை பார்க்கிற பையன், தங்கமானவன்.

"அண்ணே, இந்த வருஷம் யாராச்சும் யங்ஸ்டர் போடட்டுமே. நீங்க சும்மா வண்டியில உக்காந்து வாங்க. உங்களுக்கு எதுக்கு ரிஸ்க்?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "ஒரு பாட்டு முழுசா ஆடிக் காட்டறேன். கால் பிசகினா நானே உடுப்பைக் கழட்டிக் கொடுத்துடறேன்" என்றேன்.

சபை வளாகத்தில் முதலில் நாலு சுற்று நடந்தேன். கணுக்காலைச் சுழற்றினேன், நின்ற இடத்திலேயே லெப்ட் ரைட் போட்டேன். பையன்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். உடம்பில் வேர்வை லேசாக அரும்பியபிறகுதான் "அடிங்கடா" என்றேன். முழுப் பாட்டும் ஆடினேன். செயலாளர் முகமூடியைக் கொண்டுவந்து கையில் கொடுத்தான். கூடவே ஒரு நிபந்தனையும் போட்டான்: நடுவில் வலித்தால் அத்தோடு நிறுத்திவிட வேண்டும்.

இந்த வருஷம் நான் வெகு ஜாக்கிரதை. சாட்டின் உடுப்புக்குள்ளே கம்பளிக் கால்சட்டை. தாகம் எடுக்காவிட்டாலும் தண்ணீர். பக்கத்துப் பக்கத்து வீடுகளுக்கு டெம்போவில் ஏறவே மாட்டேன், பின்னாலேயே நடந்து வருவேன். பையன்கள் வண்டியில் கும்பலாக உட்கார்ந்து சிரித்துப் பேசிக்கொண்டு போவார்கள். நான் முகமூடியோடு தனியாகத் தெருவில் நடந்து வருவேன். நாய்கள்தான் கூட வரும். ஏறி உட்கார்ந்து அவர்களோடு நாலு வார்த்தை பேசவேண்டும் என்று ஆசையாக இருக்கும். ஆனால் உட்கார்ந்தால் கால் குளிர்ந்துவிடும். எந்த வீட்டில் நாற்காலி போட்டாலும் உட்காராமல், கையாட்டிவிட்டு வெளியே வந்துவிடுவேன்.

கேம்ப் ரோடு வீடும் வந்தது. உள்ளே போகுமுன் வாசலிலேயே கணுக்காலை இன்னொரு தடவை சுழற்றிக்கொண்டேன். கால் தாங்கியது. ஆடி முடித்தேன். பிள்ளைகள் சாக்லேட்டோடு வாசலுக்கு ஓடின, பாடினவர்களும் கேக் தட்டோடு பின்னாலேயே போனார்கள். அந்த வீட்டு அம்மா மட்டும் என் கையை விடவில்லை. ரிட்டயரான டீச்சர் என்று கேள்வி, வெளியே அதிகம் வராதவர்.

"போன வருஷம் வந்த தாத்தாவுக்கு இங்கதான் கால்ல என்னமோ ஆச்சு" என்றார். "எல்லாரும் சிரிச்சாங்க. நான் அவர் காலையே பாத்துட்டிருந்தேன். அது வேஷம் இல்ல, வலி. யாருன்னு தெரியாது, ஜெபத்துல மட்டும் சொல்லிட்டே இருந்தேன். இப்ப நல்லா இருக்காரா?"

தலையாட்டினேன்.

"நடக்குறாரா?"

அதற்கும் தலையாட்டினேன்.

"வீட்டுல யாரு பாத்துக்கிட்டாங்க அவரை?"

இதற்குத் தலையாட்டிப் பதில் சொல்ல வழியில்லை. வாசலில் பிள்ளைகள் இருப்பதும் மறந்துபோயிற்று.

"யாரும் இல்லம்மா" என்றேன். "அது நான்தான்."

அவர் என் கையை விட்டுவிட்டு, சுவரோரம் இருந்த பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டார். "உக்காருப்பா முதல்ல."

வெளியே டெம்போ ஸ்டார்ட் ஆகிவிட்டது. "தாத்தா, வாங்க" என்று செயலாளர் கத்தினான். உடம்பெல்லாம் வேர்வை, தலைக்கு மேலே மின்விசிறி. இப்போது உட்கார்ந்தால் அடுத்த வீட்டில் ஆட முடியாது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். உட்கார்ந்தேன்.

அந்த அம்மா எதிரில் குனிந்து, "எந்தக் கால்?" என்று கேட்டார்.

காசு வாங்காமல் என்னிடம் யாரும் அதைக் கேட்டதில்லை. இடது காலை நீட்டிக் காட்டினேன்.