அவள் கூடையில் எங்கள் கொழுந்து

பக்கத்து லயத்து வீட்டுத் தங்கச்சி தேயிலை மலையில் வழுக்கி விழுந்து வலது தோளைப் பிசக்கிக்கொண்டாள். கை மேலே எழும்பாது. கொழுந்தின் நிறை குறைந்தால் அரைநாள் பெயர்தான் விழும், கூலியும் பாதிதான். அதனால் அவளுக்குப் பக்கத்தில் நின்று பறித்த நாங்கள், ஆளுக்கொரு பிடி அவள் கூடையில் போட்டு வந்தோம். இதெல்லாம் யாரும் கேட்டுச் செய்வதல்ல. பிள்ளைத்தாய்ச்சிக்கும் போடுவோம், காய்ச்சல்காரிக்கும் போடுவோம்.

பதுளை ஆஸ்பத்திரி டொக்டர், இனிமேல் கொழுந்து பறித்தால் கை வழங்காமலே போய்விடும் என்று சொல்லிவிட்டார். நாற்று மேடையில் இலேசான வேலை கேட்கலாமென்று நானும் அவளோடு தோட்டத்து ஆபீசுக்குப் போனேன். கணக்கப்பிள்ளை கம்ப்யூட்டரை எங்கள் பக்கம் திருப்பினார். புதுத் தராசில் வைத்ததுமே நிறை அதற்குள் போய்விடுகிறதாம். அவள் பெயருக்கு நேரே பச்சைக் கோடு ஒன்று மேலே ஏறிக்கொண்டிருந்தது.

"தோள் நோவுங்கிற. விழுந்த பொறகு முந்தியவிட கூடவே எடுத்திருக்கியேம்மா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பாவம் பாவமென்று எல்லோரும் அள்ளிப் போட்டதில், நோயாளியைத் தோட்டத்திலேயே கெட்டிக்காரியாக்கி வைத்திருக்கிறோம்!

"நாங்க போட்டதுங்க ஐயா."

"சரி, அத இதுல எங்கம்மா பதியிறது?"

அவர் எரிந்து விழுந்திருந்தால் நானும் நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்திருப்பேன். அவரோ உண்மையிலேயே திரையில் மேலும் கீழும் இடம் தேடினார். அதைப் பார்த்து எனக்குத்தான் தலை சுற்றியது. பிழை யாருடையது? கம்ப்யூட்டர் பொய் சொல்லவில்லை. நாங்களும் பொய் சொல்லவில்லை.

"ஒரு மாசம் தனியா பறிக்கட்டும். நிறை எறங்குனா அதுவே காட்டிரும். அப்ப தொரைகிட்ட பேசுறேன்" என்றார்.

மறுநாள் பழக்கத்தில் ஒரு பிடியோடு அவள் கூடைப் பக்கம் போன கையை நானே இழுத்துக்கொண்டேன். அவள் உதட்டைக் கடித்தபடி பறித்தாள். உதவி செய்தால் கெடுதல், செய்யாமல் நின்றால் உதவி. இது என்ன கூத்து என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

பகல் நிறுவையில் அவள் நிறை பாதிக்குப் பாதி விழுந்திருந்தது.

"நல்லா எறங்கிருச்சுல்ல அக்கா?" என்று கேட்டாள். முகமெல்லாம் வியர்வை.

"ஆமா" என்றேன். பிறகு, கை எழும்பாத அவளுக்காகக் கூடைக் கயிற்றை அவள் தலையில் நானே மாட்டிவிட்டு, மறுபடி மலைக்கு அனுப்பினேன்.