வெள்ளைச் சட்டை போட்ட ஆடு

செங்கம் ரோட்டுப் பக்கம் என் தங்கையின் கணவர், எங்கள் மாப்பிள்ளை, சில அறைகள் கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறார். மாடி அறையில் சென்னையிலிருந்து வந்த ஒரு பெண் தங்கியிருந்தாள். படம் வரைவதுதான் அவளுக்கு வேலை. காம்பவுண்டுச் சுவர் சும்மாதானே கிடக்கிறது, ஏதாவது வரையம்மா என்று அவளிடம் சொன்னதே மாப்பிள்ளைதான். பிறகு அதை வசதியாக மறந்துவிட்டார்.

அவள் ஓர் ஆட்டை வரைந்தாள். வெள்ளைச் சட்டை, மடித்துக் கட்டிய வேட்டி, மூக்குக் கண்ணாடி, கக்கத்தில் குடை, வலப்பக்கத்தில் மலை. ஆட்டுக்குத் தாடி உண்டு, மாப்பிள்ளைக்கும் உண்டு. வெயிலோ மழையோ, குடையில்லாமல் அவரும் வெளியே கிளம்ப மாட்டார். எதிர் டீக்கடைக்காரர், உங்கள் படம் ஜோராக வந்திருக்கிறது என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு மாப்பிள்ளைக்குச் சோறு இறங்கவில்லை. யாரை வரைந்தாய் என்று போய்க் கேட்டிருக்கிறார். பார்க்கிறவர்களுக்கு எப்படித் தோன்றுகிறதோ அப்படித்தான் என்றாளாம். அவ்வளவுதான், அறையைக் காலி பண்ணச் சொல்லிவிட்டு, சுவரில் அடிக்கச் சுண்ணாம்பும் வாங்கி வந்துவிட்டார்.

தங்கை எனக்குப் போன் செய்தாள். அடி அண்ணாமலையிலிருந்து பஸ் பிடித்துப் போனேன்.

நான் பள்ளிக்கூடம் போனவன் இல்லை. ஆனால் அப்பாவோடு சந்தை சந்தையாக ஆடு ஓட்டியவன். ஆட்டை முகம் பார்த்து வாங்காதே, கால் பார்த்து வாங்கு என்பார் அப்பா. அழகான முகத்துக்கு மயங்கி ஒரு நொண்டிக் கிடாயை வாங்கி, அதை வீடு வரைக்கும் தோளில் சுமந்து வந்தவர் அவர். அதனால் நானும் சுவரில் முதலில் காலைத்தான் பார்த்தேன்.

"மாப்ள, இது கிரிவலம் போற ஆடு. மலை அதுக்கு வலது கைப்பக்கம் இருக்குது. கால்ல செருப்பு இல்ல, பாத்தீங்களா?"

"இல்லாட்டி என்ன மச்சான்?"

"நீங்க எந்தப் பௌர்ணமிக்குச் செருப்பக் கழட்டினீங்க? ஸ்கூட்டர்லதான சுத்தி வர்றீங்க. இது எப்படி நீங்களாவும்?"

தங்கை சமையலறைக்குள் போய்ச் சிரித்தாள். மாப்பிள்ளை குனிந்து ஆட்டின் காலையே வெகுநேரம் பார்த்தார். முட்டிவலி என்று ஏதோ முனகினார். பிறகு சுண்ணாம்பு வாளியை மாட்டுக்கொட்டகைப் பக்கம் கொண்டுபோய் வைத்தார். மாடியைப் பார்த்து, "இருந்துட்டுப் போம்மா" என்றார்.

அடுத்த பௌர்ணமிக்கு, அடி அண்ணாமலையில் எங்கள் வீட்டு வாசல் வழியாகக் கூட்டத்தோடு அவரும் வந்தார். வெறுங்கால், கக்கத்தில் குடை. தண்ணீர் கொடுத்தேன்.

"மாப்ள, இப்பதான் அந்த ஆடு அச்சு அசலா உங்கள மாதிரி இருக்குது."

குடித்து முடித்துச் சொம்பைக் கொடுத்துவிட்டு நடந்தார். திட்டவில்லை.