பஸ்தாவி ஒரு தடவைதான் எழுப்புவார்

ஒரு பிடி மண்ணை அள்ளி, உள்ளங்கையில் தேய்த்து, ஊதிவிட்டு, ஒட்டிக்கொண்டிருப்பதை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார் பஸ்தாவி. நாற்பது ஆட்கள் கூடையோடு காத்து நிற்கிறார்கள். பேராசிரியரும் வரைபடத்தைச் சுருட்டிவிட்டுக் காத்து நிற்கிறார்.

"கலைஞ்ச மண்ணு. நமக்கு முன்னாடியே ஒரு திருடன் வந்துட்டுப் போயிருக்கான்."

"எப்போது?" என்கிறார் பேராசிரியர்.

"ரெண்டாயிரம் வருசம் இருக்கும். போலீசுக்கு ஆள் அனுப்பாதீங்க."

பஸ்தாவி குஃப்த் ஊர்க்காரர். எகிப்தின் லக்சர் நகரில், நைல் நதியின் மேற்குக் கரையில் எந்தப் பழங்காலக் கல்லறையைத் தோண்டினாலும் மேஸ்திரி அந்த ஊர்க்காரராகத்தான் இருப்பார்; ராயிஸ் என்போம். நான் இந்த முகாமில் உடைந்த பானை ஓடுகளுக்கு மையால் எண் எழுதுகிறவன். பத்தொன்பது வருடமாக அவரைப் பார்க்கிறேன். நாள் முழுக்கப் புழுதியில் நின்றும் அவருடைய நீள அங்கி மட்டும் எப்படி வெள்ளையாகவே இருக்கிறது என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. செருப்புப் போட மாட்டார். கேட்டால், "காலு பாக்குறத கண்ணு பாக்காது" என்பார். தேநீரில் ஐந்து கரண்டி சர்க்கரை. குடைக்குக் கீழே ஓர் இரும்பு நாற்காலி உண்டு. அதில் வேறு யாராவது உட்கார்ந்துவிட்டால் தண்ணீர் ஊற்றிக் கழுவச் சொல்வார். கொஞ்சம் தலைக்கனம் பிடித்த மனிதர்தான், மறைப்பதற்கில்லை.

செத்தவர்களை அவர் செத்தவர்கள் என்று சொல்லி நான் கேட்டதில்லை. வீட்டுக்காரர்கள் என்பார். குழியின் வாயில் குந்தி உட்கார்ந்து முதலில் ஒரு சலாம். பிறகு, பக்கத்து வீட்டில் சுத்தியல் கேட்கப் போனவர் மாதிரி, "வெளியாளுங்க வந்திருக்கோம். ஒரே ஒரு தடவ எழுப்புவோம், அவ்வளவுதான். அப்புறம் தொந்தரவு கிடையாது" என்பார். அதைச் சொல்லாமல் முதல் கூடை மண் வெளியே வராது.

இந்த வருடத்து வீட்டுக்காரி கிணறு போன்ற குழியில் நாலு ஆள் ஆழத்தில் கிடைத்தாள். மஞ்சள் பூசிய மரப்பெட்டி, மூடியில் அவள் முகம், உள்ளே துணி சுற்றிய உடம்பு. மூவாயிரம் வருடத்துச் சுண்ணப்பூச்சு வெங்காயத் தோல் போல மரத்தை விட்டு எழும்பியிருந்தது. மேலே தூக்க முழுசாக இரண்டு நாள் ஆயிற்று. ஒரு கயிற்றை பஸ்தாவி தன் இடுப்பிலேயே கட்டிக்கொண்டார். "டேய் ஹகாகி, பிரசவத்துக்கு உன் பொண்டாட்டிய வண்டியில ஏத்துனியே, அந்த மாதிரி தூக்குடா!" என்று தங்கை மகனைப் பார்த்துக் கத்தினார். அப்படியும் கன்னத்தில் நகமளவு வண்ணம் உதிர்ந்துவிட்டது. அன்று அவர் தேநீரைத் தொடவில்லை.

மூன்று வாரம் கழித்து கெய்ரோவிலிருந்து தொலைக்காட்சிக்காரர்கள் வந்தார்கள். அவர்களுக்குத் தலைவன் நாதிர், கறுப்புக் கண்ணாடி போட்டவன்.

"ராயிஸ், பெட்டியத் திரும்பக் கீழ இறக்கி மண்ணப் போட்டு மூடிருங்க. வியாழக்கிழமை கேமரா முன்னாடி நீங்க கண்டுபிடிக்கிறீங்க."

"அதான் கண்டுபிடிச்சாச்சே."

"நாடு பாக்கலையே?"

"பாக்கட்டும். அந்தம்மா கொட்டகையிலதான் படுத்திருக்காங்க. மறுபடி கயித்துல இறக்கி ஏத்துனா மூஞ்சி மிஞ்சாது. அதோட, நான் அவங்களுக்கு வாக்குக் குடுத்திருக்கேன்."

"யாருக்கு? பொணத்துக்கா?"

"உயிரோட இருக்கவங்க நான் சொன்னத மறந்துருவாங்க தம்பி."

பேராசிரியர் தன் காலணிக் கயிற்றை ஆராய்ந்துகொண்டிருந்தார். படக்காரர்கள் பணம் தந்தால்தான் அடுத்த வருடம் தோண்டலாம். ஆனால் அந்தப் பூச்சு இன்னொரு பயணம் தாங்காது என்று பஸ்தாவியைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லையே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கையிலிருந்த ஓட்டில் எண்ணைத் தப்பாக எழுதினேன்.

நாதிர் ஹகாகியின் பக்கம் திரும்பினான். "நீ இறக்கிக் குடு. இன்னையிலேருந்து நீதான் ராயிஸ்."

பதினொரு வருடமாக அந்த நாற்காலியைப் பார்த்துக்கொண்டு கூடை தூக்குகிறவன் ஹகாகி. மாமாவைப் பார்க்காமல் தரையைப் பார்த்தான். "தப்பா எடுத்துக்காதீங்க மாமா" என்றான். பெட்டியைக் கொண்டுவர நாலு பேரைக் கொட்டகைக்கு அனுப்பினான்.

பஸ்தாவி நாற்காலியை விட்டு எழுந்தார். அங்கியை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு குழியின் ஏணியில் இறங்கினார். அறுபத்தெட்டு வயது, ஒவ்வொரு படிக்கும் முழங்கால் முனகியது எங்களுக்கே கேட்டது. அடியில் பெட்டி இருந்த தடம் மண்ணில் இன்னும் பதிந்திருந்தது. அந்தத் தடத்துக்குள் மல்லாந்து படுத்துக்கொண்டார்.

"இங்க எடமில்ல, ஆள் படுத்தாச்சு! மண்ணக் கொட்டுங்கடா. வியாழக்கிழமை என்னையக் கண்டுபிடிங்க. நாடு இதையும் பாத்ததில்ல!"

கூட்டத்தில் ஒருவன் சிரித்துவிட்டான். நாதிரின் முகம் சிவந்தது. "ரெண்டு கூடை கொட்டு. தானா ஏறி வருவாரு."

ஹகாகி நிரம்பிய கூடையைத் தூக்கிக் குழியின் விளிம்பில் வைத்தான். சரளை கொஞ்சம் சரிந்து உள்ளே விழுந்தது.

"மாமா... மேல வந்துருங்க மாமா."

பஸ்தாவி கால்களை நேராக நீட்டினார். தலைப்பாகையின் முனையை அவிழ்த்து, கண்ணில் மண் விழாதபடி முகத்தின்மேல் இழுத்துவிட்டுக்கொண்டார்.